இதயத்துக்குள் ஒரு குட்டிக் குடை

அம்மா கோவில்பட்டியை விட்டு எங்களோடு புனேவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் மராத்தி தெரியாமல் திண்டாடியவர், இப்போது காய்கறி வண்டிக்காரரிடம் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுகிறார். போன தீபாவளிக்கு முந்தின வாரம் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவர், "நெஞ்சு படபடன்னு வருதுய்யா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கிற நோய். பக்கவாதம் வராமல் இருக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

நாலு மாதம் கழித்து வயிற்றில் ரத்தக் கசிவு. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, மூன்று யூனிட் ரத்தம். டிஸ்சார்ஜ் அன்று இதய மருத்துவர் சொன்னார்: "மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கட்டி உருவாகிற இடத்தையே ஒரு சின்னக் கருவி வைத்து அடைத்துவிடலாம்." படமும் காட்டினார். பார்க்க அச்சு அசலாகப் பாதி விரித்த குடை!

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏய்யா, அது கழண்டு போச்சுன்னா என்ன செய்வாங்க?"

எனக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. எது கழன்றது, ஏன் கழன்றது, எத்தனையில் ஒன்று கழன்றது என்று கணக்கெடுப்பதுதான் என் பிழைப்பே. ஆனாலும் அம்மாவுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரைவிட்டு வந்து, வயதான பெற்றோரின் வைத்தியத்தை அறிமுகமில்லாத ஊரில், அறிமுகமில்லாத மொழியில் முடிவு செய்ய வேண்டியிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு உதவலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் காதுமடல்

இதயத்தின் இடது மேலறையை ஒட்டி ஒரு சின்னப் பை தொங்குகிறது. பார்க்கக் காதுமடல் மாதிரி இருக்கும். மேலறை ஒழுங்காகச் சுருங்கி விரியும்வரை அதனால் தொந்தரவு இல்லை. மேலறை வெறுமனே நடுங்க ஆரம்பித்தால், அந்தப் பைக்குள் ரத்தம் ஓட்டமில்லாமல் தேங்குகிறது. தேங்கினால் உறையும். உறைந்த கட்டி என்றைக்காவது பிய்த்துக்கொண்டு போய் மூளையின் ரத்தக் குழாயில் சிக்கினால் பக்கவாதம்.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஊரில் நடந்த நீண்டகால ஆய்விலிருந்து 1978-ல் ஒரு கணக்கு வந்தது. வால்வுக் கோளாறு இல்லாமல் இந்த நடுக்கம் மட்டும் இருப்பவர்களுக்கே பக்கவாத ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, கூடவே நடுக்கமும் இருந்தால் பதினேழு மடங்கு. 1996-ல் பிளாக்‌ஷியர், ஓடல் என்ற இருவர் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். வால்வு நோய் இல்லாதவர்களின் இடது மேலறையில் கண்ட கட்டிகளில் சுமார் 91 சதவீதம் இந்தப் பைக்குள் இருந்தன. ருமாட்டிக் வால்வு நோய் உள்ளவர்களில் அது 57 சதவீதம்தான். இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

அந்த 91 என்ற எண்ணைப் பார்த்தால் எந்த இன்ஜினியருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: "அப்போ அந்த ஓட்டையை அடைச்சிட வேண்டியதுதானே?"

மாட்டுத் தீவனத்தில் பிறந்த மாத்திரை

அடைப்பதற்கு முன்னால் மாத்திரை வந்தது. அதன் கதை சுவாரஸ்யமானது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் பகுதிகளிலும் மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்துக்கொண்டிருந்தன. பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன 'ஸ்வீட் க்ளோவர்' என்ற தீவனம்தான் காரணம் என்று ஃப்ராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். 1933-ல் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தைப் பால் கேனில் ஊற்றிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டார். அங்கே கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வகத்தில் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கான மருந்தானது. 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இதையே கொடுத்தார்கள்.

எலி மருந்து என்று சொன்னதும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! (அம்மாவுக்குக் கொடுத்தது அது இல்லை, வேறு மாத்திரை.) ஆனால் உறைவதைத் தடுக்கும் எந்த மருந்துக்கும் இந்த இரண்டு முகம் உண்டு. மூளையில் கட்டி அடைப்பதையும் தடுக்கும், வயிற்றில் புண் இருந்தால் ரத்தம் நிற்காமலும் செய்யும்.

கத்தியிலிருந்து கம்பிக்கு

பையையே எடுத்துவிடும் யோசனையும் பழையதுதான். ஜான் மேடன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1949-லேயே அந்தப் பையை வெட்டி எடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அதற்காக மட்டும் நெஞ்சைத் திறப்பது பெரிய விஷயம். வேறு காரணத்துக்காக அறுவை செய்யும்போது கூடவே இதையும் முடிப்பதுதான் பல காலம் வழக்கமாக இருந்தது.

நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாகப் போய் அடைக்கும் முதல் கருவியை 2001-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஹார்ஸ்ட் சீவெர்ட் குழு பொருத்தியது. பெயர் 'பிளாட்டோ'. சில வருஷங்களில் அந்தக் கருவி சந்தையிலிருந்து போய்விட்டது. 2002-ல் 'வாட்ச்மேன்' வந்தது. (காவல்காரன்! பொருத்தமான பெயர்தான்.) ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பெர்ன்ஹார்ட் மையர், இதயத் தடுப்புச் சுவர் ஓட்டையை அடைக்கிற 'ஆம்ப்ளாட்சர்' கருவியையே இந்தப் பைக்கும் வைத்துப் பார்த்தார். பிறகு அதிலிருந்து இதற்கென்றே தனிக் கருவிகள் வந்தன.

வேலை நடக்கிற விதம் இதுதான். நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டேனியம் கம்பிச் சட்டம், மேலே பாலியஸ்டர் துணி. மடக்கினால் குழாய்க்குள் அடங்கும், வெளியே தள்ளினால் தானே விரியும். தொடை வழியாக வலது மேலறைக்குப் போய், நடுச் சுவரை ஊசியால் குத்தி இடது மேலறைக்குள் நுழைந்து, பையின் வாயில் குடையை விரிக்கிறார்கள். ஓரத்தில் இருக்கிற சின்னக் கொக்கிகள் சதையைப் பிடித்துக்கொள்ளும். நாளடைவில் துணியின் மேல் உடம்பின் திசுவே வளர்ந்து மூடிவிடும். அதுவரைக்கும் ஏதாவது ஒரு உறைதடுப்பு மருந்து வேண்டும். வாட்ச்மேன் பரிசோதனைகளில் 45 நாள் வார்ஃபரின், அதன்பின் ஆறு மாதம் வரை ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும், பிறகு ஆஸ்பிரின் மட்டும். "குடை வைத்துவிட்டால் மறுநாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம்" என்று நினைத்திருந்த எனக்கு இது முதல் பாடம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பையின் சுவர் மிக மெல்லியது. துடிக்கிற இதயத்துக்குள், மெல்லிய பையின் வாயில், கொக்கி வைத்த கம்பிக் கூட்டை விரிக்கிறோம். எங்கே தப்பு நடக்கும் என்று யாரும் ஊகிக்கலாம்.

707 பேர்

முதல் பெரிய பரிசோதனையின் பெயர் 'புரொடெக்ட் ஏ.எஃப்.' 707 நோயாளிகள். மூன்றில் இரண்டு பங்குக்குக் குடை, மீதிப் பேருக்கு வார்ஃபரின். முடிவு 2009-ல் லான்செட் இதழில் வந்தது. பக்கவாதம், இதயம் சார்ந்த மரணம், உடம்பின் வேறு இடத்தில் கட்டி அடைப்பது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குடை வைத்தவர்கள் வார்ஃபரின்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. வருஷத்துக்கு நூறு பேரில் 3.0 எதிரே 4.9.

ஆனால் சிக்கல்களின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. பாதுகாப்புச் சம்பவங்கள் வருஷத்துக்கு நூறு பேரில் 7.4 எதிரே 4.4. குடைக்கட்சியில் அதிகம்! 4.8 சதவீதம் பேருக்கு இதய உறைக்குள் ரத்தம் கசிந்து, ஊசி போட்டோ அறுவை செய்தோ எடுக்க வேண்டி வந்தது. ஐந்து பேருக்கு அந்தச் சிகிச்சையின்போதே பக்கவாதம். பெரும்பாலும் குழாய் வழியாக உள்ளே போன காற்றுக் குமிழிதான் காரணம். மூன்று பேருக்கு, ஆமாம், கருவி கழன்றே போனது. 463 பேரில் மூன்று, அதாவது 0.6 சதவீதம்.

அம்மாவின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கழன்ற குடை இடது கீழறைக்கோ மகாதமனிக்கோ போகும். முடிந்தால் கண்ணி போட்டு இழுக்கும் கம்பியால் குழாய் வழியாகவே எடுப்பார்கள். முடியாவிட்டால் நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் புது மெஷின் வந்தால் முதல் மாதக் கழிவும் ஆறாம் மாதக் கழிவும் ஒன்றாக இருக்காது. இங்கேயும் அப்படியே. 2011-ல் வந்த ஒரு அலசல், அந்தப் பரிசோதனையையும் அதைத் தொடர்ந்து அதே கருவி வைத்த 460 பேரையும் ஒப்பிட்டது. முதல் ஏழு நாள் சிக்கல் 7.7 சதவீதத்திலிருந்து 3.7 ஆகக் குறைந்திருந்தது. இதய உறைக் கசிவு 5.0-லிருந்து 2.2 ஆனது. மருத்துவர்களின் கை பழகியதுதான் முக்கியமான காரணம். ஆனால் கை பழகுகிற காலத்தில் மேஜையில் படுத்திருந்தவர்களும் யாரோ ஒருவருக்கு அம்மா, அப்பா தானே?

மூன்று முறை கூடிய குழு

அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) நிபுணர் குழு 2009-ல் 7-5 என்று மயிரிழையில் ஆதரவாக வாக்களித்தது. அப்படியும் நிர்வாகம் ஒப்புதல் தரவில்லை, இன்னொரு பரிசோதனை செய்து வாருங்கள் என்று 2010-ல் சொல்லிவிட்டது. அதுதான் 'பிரிவெய்ல்'. 407 பேர். இதில் புதிதாகச் செய்கிற மருத்துவர்களையும் வேண்டுமென்றே சேர்த்திருந்தார்கள். சிக்கல்கள் குறைந்தே இருந்தன. 2013 டிசம்பரில் குழு 13-1 என்று ஆதரித்தது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. தொடர் கண்காணிப்பில் குடை வைத்தவர்களிடம் அடைப்பினால் வரும் பக்கவாதம் கூடுதலாகத் தென்பட்டது. 2014 அக்டோபரில் குழு மூன்றாம் முறை கூடியது. பாதுகாப்பானதா என்றதற்கு எல்லோரும் ஆமாம் என்றார்கள். பலன் உண்டா என்றதற்குப் பெரும்பான்மை இல்லை என்றது. ஆபத்தைவிட நன்மை அதிகமா என்றதற்கு 6-5, ஒருவர் வாக்களிக்கவில்லை. கடைசியில் 2015 மார்ச் 13-ல் ஒப்புதல் கிடைத்தது, வார்ஃபரினைத் தவிர்க்கத் தக்க காரணம் இருப்பவர்களுக்கு என்ற நிபந்தனையோடு.

2017-ல் இரண்டு பரிசோதனைகளின் ஐந்து வருஷக் கணக்கையும் சேர்த்து வெளியிட்டார்கள். மூளையில் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதம் குடை வைத்தவர்களுக்குத் தெளிவாகக் குறைவு. அடைப்பினால் வருவது எண்ணிக்கையில் சற்று அதிகம். ஆக, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற வியாபாரம் இது.

கயிறு போட்டுக் கட்டிய கதை

இதே காலத்தில் 'லாரியட்' என்று ஒரு முறை வந்தது. மாட்டுக்குச் சுருக்குப் போடுவது போல, பையின் கழுத்தில் வெளியிலிருந்து நூல் சுருக்குப் போட்டு இறுக்குவது. அமெரிக்காவில் இதற்குக் கிடைத்திருந்த அனுமதி பொதுவாகத் திசுக்களைத் தைப்பதற்கான அனுமதி. பக்கவாதத்தைத் தடுக்கும் என்று அங்கே யாரும் நிரூபித்திருக்கவில்லை. 2015 ஜூலையில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. அதுவரை வந்த 45 பாதகச் சம்பவ அறிக்கைகளில் 34 பேருக்கு அவசர இதய அறுவை தேவைப்பட்டிருந்தது, ஆறு பேர் இறந்திருந்தார்கள். 'அனுமதி பெற்ற கருவி' என்ற சொல்லைக் கேட்டால், எதற்கு அனுமதி என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எழுதி வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்த பிறகு

ஒப்புதலுக்குப் பிறகு அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு ஒரு நல்ல காரியம் செய்தது. 2016 முதல், பணம் தர வேண்டும் என்றால் ஒவ்வொரு சிகிச்சையையும் தேசியப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றது. அதனால் 2016-2018-ல் நடந்த 38,158 சிகிச்சைகளின் கணக்கு 2020-ல் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பெரிய சிக்கல் 2.16 சதவீதம், மரணம் 0.19 சதவீதம். முதல் பரிசோதனையைவிட எவ்வளவோ தேவலாம்.

அதே பதிவேட்டிலிருந்து 2021-ல் இன்னொரு கணக்கும் வந்தது. பெரிய சிக்கல்கள் ஆண்களுக்கு 2.0 சதவீதம், பெண்களுக்கு 4.1 சதவீதம். இரண்டு மடங்கு! இந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சராசரி என்பது வேறு, பக்கத்து அறையில் தூங்குகிற அம்மா வேறு.

இன்னொரு வேடிக்கை. கட்டியைத் தடுக்க வைத்த குடையின் மேலேயே கட்டி உருவாவதும் உண்டு. வாட்ச்மேன் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ம் ஆண்டு ஆய்வில் 1,739 பேரில் 65 பேருக்கு, அதாவது 3.7 சதவீதம் பேருக்கு அப்படி ஆனது. அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். பையின் வாய் வட்டமாக இல்லாததால் குடை ஓரத்தில் இடைவெளி விழுந்து ரத்தம் கசிவதும் உண்டு. அதனால்தான் வைத்த பிறகும் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துப் பார்க்கிறார்கள்.

கருவிகளும் மாறின. 2020-ல் ஒப்புதல் பெற்ற வாட்ச்மேன் எஃப்.எல்.எக்ஸ். கருவியில் முனையை மூடி, உருண்டையாக்கி, கொக்கியை இரண்டு வரிசை ஆக்கினார்கள். 400 பேரிடம் செய்த பரிசோதனையில் ஒன்றுகூடக் கழலவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், புகார்களைப் படித்து வடிவமைப்பைத் திருத்தியிருக்கிறார்கள்.

திரும்பி வந்த காற்று

2009-ல் படித்த காற்றுக் குமிழி ஞாபகம் இருக்கிறதா? அது 2025-ல் திரும்பி வந்தது. முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்கு இயந்திரம் வைத்துச் செய்வதற்குப் பதில், லேசான மயக்கத்திலேயே செய்கிற வழக்கம் பரவியது. அப்போது நோயாளி தானாக ஆழ்ந்து மூச்சை இழுத்தால் இடது மேலறையின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையலாம். குழாயின் வாய் திறந்திருந்தால் காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற தத்துவம்தான். 2025 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட முன்னெச்சரிக்கையில், ஜூலை 30 வரை இது தொடர்பாக 120 கடுமையான பாதிப்புகளும் 17 மரணங்களும் பதிவாகியிருப்பதாக இருந்தது. குடையில் ஒரு குறையும் இல்லை, வைக்கிற விதத்தில்தான் ஆபத்து. பதினாறு வருஷம் முன்னால் தெரிந்த தப்பு, செய்முறை மாறியதும் வேறு வாசல் வழியாக நுழைந்துவிட்டது. இதை எங்கள் தொழிற்சாலையிலும் பார்த்திருக்கிறேன்.

சமீபத்திய முடிவுகளும் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. 2021-ல் 4,811 பேரிடம் செய்த ஆய்வில், வேறு இதய அறுவையின்போது கூடவே பையையும் மூடியவர்களுக்குப் பக்கவாதமும் கட்டி அடைப்பும் 7.0-லிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தது. பெரும்பாலோர் மாத்திரையையும் தொடர்ந்தார்கள் என்பது முக்கியம். ஆனால் 2025-ல் ஜெர்மனியில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட வயதான, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் நடந்த 'க்ளோஷர் ஏ.எஃப்.' ஆய்வில், மருந்துச் சிகிச்சைக்குக் குடை குறைந்ததில்லை என்று காட்ட முடியவில்லை.

நம் நாட்டுக்கு ஒரு குறிப்பு. அந்த 57 சதவீதத்தை நினைவு வைக்கச் சொன்னேன் அல்லவா? ருமாட்டிக் வால்வு நோய் நம்மிடம் இன்னும் நிறைய. அவர்களுக்குக் கட்டி பைக்கு வெளியேயும் உருவாகும் என்பதால் இந்தக் குடைப் பரிசோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் தலைமையில் 24 நாடுகளில் நடந்த 'இன்விக்டஸ்' ஆய்வு (2022), அவர்களுக்குப் புது மாத்திரையான ரிவராக்ஸபனைவிடப் பழைய வார்ஃபரின் வகையே மேல் என்று காட்டியது. மிட்ரல் வால்வு சுருங்கிய உறவினர் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் வைத்த குடையை இவருக்கும் கேட்காதீர்கள்.

அம்மாவுக்குச் சொன்ன பதில்

இத்தனையும் படித்துவிட்டு மருத்துவரிடம் ஒரு தாளில் கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். நீங்கள் இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்கு ரத்தம் கசிந்தது? அன்றைக்கு அறுவை மருத்துவர் அதே கட்டடத்தில் இருப்பாரா? எந்த மயக்கம்? பிறகு எந்த மாத்திரை, எத்தனை நாள்? 45-ம் நாள் எக்கோ எங்கே? அவர் கோபப்படவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அவரே ஒன்று கேட்டார்: "அம்மாவுக்கு ரத்தம் எங்கிருந்து கசிந்தது என்று சரியாகப் பார்த்தார்களா?"

எண்டோஸ்கோப்பியில் குடல் புண் இருந்தது. முழங்கால் வலிக்கு அம்மா எங்களுக்குத் தெரியாமல் கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. புண்ணைக் குணப்படுத்தி, வலி மாத்திரையை நிறுத்தி, ரத்தக் கசிவு குறைவான வேறு உறைதடுப்பு மாத்திரையைத் தொடங்கினார்கள். மறுபடி கசிந்தால் குடையைப் பற்றி யோசிக்கலாம் என்று முடிவு. புண் ஆறாத, மூளையில் ஒருமுறை கசிந்த, மாத்திரையே ஆகாத இன்னொருவருக்கு இதே மருத்துவர் குடையைத்தான் சொல்லியிருப்பார். அதுவும் சரியாகவே இருக்கும்.

அம்மாவுக்கு நான் எண்களைச் சொல்லவில்லை. "கழலுறது ரொம்ப அபூர்வம்மா. கழண்டா எடுக்க வழி இருக்கு. ஆனா வைக்கிற அன்னிக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரிய்யா, அந்தக் குடை கடையிலயே இருக்கட்டும். மழை வந்தா பாத்துக்கிடலாம்."

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தக் கருவி வைத்திருந்தால், நல்லதோ கெட்டதோ, அனுபவத்தை எழுதுங்கள். பொருத்திய கருவியால் சிக்கல் வந்தால் புகார் செய்ய இந்தியாவிலும் வழி உண்டு. மருத்துவக் கருவிகளின் பாதகங்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2015-ல் தொடங்கியது, காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. புகார்கள் எழுதப்பட்டதால்தான் அந்தக் குடை இத்தனை தூரம் திருந்தியிருக்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ, குடைக்குத் தேதி குறிக்கவோ வேண்டாம். கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். முக்கியமாக, அம்மா அப்பாவின் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.